இலாபம் இருக்கிறது, ரொக்கம் எங்கே?

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நடந்து போகிறவருக்கு மூக்கே வழி சொல்லும். ஏலக்காய் மணக்கும் ஊர் அது. விளைவது மேலே, இடுக்கி மலையிலே. பறிக்கப் போகும் கைகளிலே கம்பத்துக் கைகளும் கூடலூர்க் கைகளும் போடிக் கைகளும் ஏராளம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும் மலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும்போது இறங்கி வருகிறார்கள். காய்ந்த சரக்கு கீழே வந்ததும் தரம் பிரிப்பதும், மூட்டை கட்டுவதும், வடநாட்டுக்கு அனுப்புவதும் போடியிலே நடக்கும் வேலை.

அந்த ஊரில் ஒரு வியாபாரி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கற்பனை மனிதர்தான், ஆனால் கணக்கு கற்பனை அல்ல. அவருடைய கிட்டங்கியில் 20 இலட்ச ரூபாய்ச் சரக்கு அடுக்கியிருக்கிறது. வடநாட்டு வாடிக்கைக்காரர் தர வேண்டிய பாக்கி 10 இலட்சம். கணக்குப்பிள்ளை ஐந்தொகை போட்டுக் காட்டுகிறார்: இந்த ஆண்டு நிகர இலாபம் 3 இலட்சம்! முதலாளி முகத்தில் மகிழ்ச்சி. ஆனால் அன்று சனிக்கிழமை. தரம் பிரித்த பெண்கள் வாரக் கூலிக்காக வாசலில் நிற்கிறார்கள். கொடுக்க வேண்டியது 40 ஆயிரம். பெட்டியைத் திறந்து பார்த்தால் 16 ஆயிரம்.

இவர் பணக்காரரா, ஏழையா?

ஐந்தொகையைக் கேட்டால் பணக்காரர் என்கிறது. வாசலில் நிற்கும் பெண்ணைக் கேட்டால், "அடுத்த வாரம் வா என்கிற முதலாளி" என்கிறாள். இரண்டும் உண்மை. இலாபம் என்பது ஒன்று. உரிய நாளில் கையில் ரொக்கம் இருப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டை மறந்த எத்தனையோ கம்பெனிகள் இலாபக் கணக்குக் காட்டிக்கொண்டே இழுத்து மூடப்பட்டிருக்கின்றன. நஷ்டத்தைச் சில ஆண்டுகள் தாங்கி நிற்கிற தொழில்கூட, ரொக்கமின்மையைச் சில வாரங்கள் தாங்காது. நஷ்டம் நோய் என்றால், ரொக்கமின்மை மூச்சுத் திணறல்.

அந்த மூச்சைக் கம்பெனிகள் எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன? எங்கிருந்து வாங்குகின்றன? முக்கியமாக, யாருடைய மூச்சை வாங்குகின்றன? இதைத்தான் இன்று வாசகர்களோடு சேர்ந்து ஆராய நினைக்கிறோம்.

அணையும் வயலும்

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது புரியாத பொருள் அல்ல. பொருளாதாரப் பேராசிரியர் பல மணி நேரம் பேசி விளக்குவதை, மடையைத் திறந்து பழகிய விவசாயி ஒரு நொடியில் உணர்ந்து கொள்வார்.

லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். தென்மேற்குப் பருவமழை பெய்வது சில மாதங்கள்தான். பயிர் கேட்பதோ, நாற்றங்கால் நாள் முதல் கதிர் முற்றும் நாள் வரை தண்ணீர். ஆண்டு முழுவதும் பெய்த மழையைக் கூட்டிக் கழித்து, "போதிய மழை பெய்திருக்கிறது" என்று ஏட்டில் எழுதிவிட்டால் பயிர் பிழைத்துவிடுமா? பயிர் கேட்ட நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். அதற்காகத்தானே 1895-ல் பெரியாற்றிலே அணை எழுந்தது! பெய்யும் நாளுக்கும் பாயும் நாளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க மனிதன் கண்ட வழி தேக்கம்.

தொழிலுக்கும் அப்படியே. வரவு ஒரு நாள் வருகிறது. செலவு வேறொரு நாள் வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள நாட்களைக் கடக்க வேண்டும். அந்தக் கடத்தலுக்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். சொந்தமாகத் தேக்கி வைப்பது ரொக்கக் கையிருப்பு. தேவைப்படும்போது பிறர் தேக்கத்திலிருந்து திறந்து விட்டுக் கொள்வது பாங்கிக் கடன்.

பணம் எங்கே போய் மாட்டிக் கொள்கிறது?

ஏலக்காய் வியாபாரத்தையே எடுத்துக் கொள்வோம். செடியிலிருந்து பறித்த பச்சைக் காய் ஏறத்தாழ 5 கிலோவை உலர்த்தினால் 1 கிலோ காய்ந்த ஏலம் கிடைக்கும். விவசாயி அதை ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் இருக்கின்றன. ஏலத்தை ஏலம் கேட்கும் வியாபாரி, எடுத்த சரக்குக்குத் தவணை நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். பிறகு சரக்கைத் தரம் பிரிக்க வேண்டும். பருமனான காயைத் தனியே, சிறுத்த காயைத் தனியே. நல்ல விலை வரும் வரை வைத்திருக்க வேண்டும். விற்ற பின்னும் வடநாட்டுக் கடைக்காரர் உடனே பணம் அனுப்புவதில்லை, அவருக்கும் தவணை.

ஆக, போடி வியாபாரி இன்று கொடுத்த ரூபாய், சரக்காகச் சில வாரங்கள் கிட்டங்கியில் படுத்திருந்து, பிறகு பாக்கியாகச் சில வாரங்கள் வெளியூரில் அலைந்து, அதன் பிறகுதான் ரூபாயாகப் பெட்டிக்குத் திரும்புகிறது. போய்த் திரும்ப 60 நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 60 நாளும் கூலி நிற்குமா? வாடகை நிற்குமா? மின்சாரக் கட்டணம் நிற்குமா?

நூற்பாலைக்கு வாருங்கள். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் ஆலைகள் சுழல்கின்றன. பருத்தி சந்தைக்கு மிகுதியாக வருவது ஐப்பசி முதல் பங்குனி வரையிலான மாதங்களில்; ஆலை சுழல வேண்டியது ஆண்டு முழுவதும். விலை மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் பஞ்சு வாங்கிக் குவிக்காத ஆலை, பின்னால் அதிக விலை கொடுத்து அழ வேண்டும். வாங்கிக் குவித்த ஆலையோ, கையில் இருந்த ரொக்கமெல்லாம் பொதிகளாக மாறி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

சொந்தக் கையிருப்பு

முதல் காவல் சொந்தக் கையிருப்பு. பெட்டியில் உள்ள நோட்டு, பாங்கியில் நடப்புக் கணக்கில் உள்ள பணம், நினைத்த நாளில் உடைத்துக் கொள்ளக் கூடிய வைப்புத் தொகை ஆகியவை இதில் சேரும். இந்தப் பணத்துக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். வட்டி கட்ட வேண்டாம். விலை விழுந்தாலும் இது கரையாது.

அப்படியானால் ஏன் எல்லோரும் நிறைய வைத்துக் கொள்வதில்லை? சும்மா கிடக்கும் பணம் சம்பாதிப்பதில்லை என்பதே காரணம். நடப்புக் கணக்கில் போட்டால் வட்டி கிடையாது. அதே பணத்தைச் சரக்கில் போட்டால் இலாபம் வரும் என்ற ஆசை. ஆசை தவறல்ல, அளவு தவறுவதுதான் தவறு. நல்ல காலத்தில் மூன்று மாதக் கூலிக்கும் வாடகைக்கும் வட்டிக்கும் போதுமான தொகையை ஒதுக்கி வைத்த வியாபாரியை, "பிழைக்கத் தெரியாதவர், பணத்தைத் தூங்க வைத்திருக்கிறார்" என்று பக்கத்துக் கடைக்காரர் ஏளனம் செய்வார். கெட்ட காலம் வந்ததும், ஏளனம் செய்தவரே அவர் கடை வாசலில் கைமாற்றுக்கு நிற்பார்.

கெட்ட காலம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரொக்கத்திலே கூலி கொடுத்து ரொக்கத்திலே கொள்முதல் செய்யும் ஊர்களில், மறுநாள் காலை கையில் பணம் இருந்தும் பணம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏல மையங்கள் அடைபட்டன. மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டம் நின்றது. சரக்கு இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தார்கள், இடையிலே பாதை இல்லை. கையிருப்பு வைத்திருந்தவர் பொறுத்திருந்தார். வைத்திராதவர் கடன் வாசலைத் தட்டினார்.

பாங்கிக் கடன்

இரண்டாவது காவல் பாங்கி. கம்பெனிகளுக்குப் பாங்கி தரும் ரொக்கக் கடன் வசதி, வீட்டுக் கடனைப் போல ஒரே மூச்சில் வாங்கி மாதா மாதம் அடைப்பது அல்ல. "இந்த வரம்பு வரை எடுத்துக் கொள்ளலாம், வரவு வரும்போது போட்டுக் கொள்ளலாம், எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி" என்கிற ஏற்பாடு. தேவைக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். நல்ல ஏற்பாடுதான்.

வரம்பை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? பெரிய கம்பெனிகளுக்கு எவ்வளவு சரக்கு, எவ்வளவு பாக்கி வரை கடன் தரலாம் என்று வரையறுக்க ரிசர்வ் பாங்கி அமைத்த டாண்டன் குழு 1975-ல் அறிக்கை தந்தது. சிறுதொழில்களுக்காக அமைந்த நாயக் குழு 1992-ல் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னது: ஓர் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவைப்படும், அதில் 20 சதவீதத்தைப் பாங்கி தர வேண்டும், 5 சதவீதத்தைத் தொழில் நடத்துகிறவர் போட வேண்டும். ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் விற்கிற சிறு ஆலைக்கு 20 இலட்சம் வரை பாங்கி, 5 இலட்சம் சொந்தக் கை. கணக்கு நியாயமானது. ஆனால் வரம்பு கிடைத்துவிட்டது என்பதற்காக வரம்பு முழுவதும் என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பினால், அங்கேதான் இடறி விழ வேண்டியிருக்கிறது.

நம் போடி வியாபாரியிடம் திரும்புவோம். 1,000 கிலோ ஏலக்காய், கிலோ 2,000 ரூபாய் வீதம், 20 இலட்சம் மதிப்பு. மாதந்தோறும் சரக்குப் பட்டியல் எழுதிப் பாங்கியில் கொடுக்கிறார். பாங்கி அதில் 25 சதவீதத்தைக் காப்பாகக் கழித்துக்கொண்டு, மீதி 15 இலட்சம் வரை எடுக்கலாம் என்கிறது. அவர் 15 இலட்சத்தையும் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் விலை 1,500 ஆக இறங்குகிறது. அதே 1,000 கிலோ இப்போது 15 இலட்சம்தான். 25 சதவீதம் கழித்தால் 11 இலட்சத்து 25 ஆயிரம். "மீதி 3 இலட்சத்து 75 ஆயிரத்தைக் கொண்டுவந்து கட்டு" என்கிறது பாங்கி. ஒரு கிலோ கூட அவர் விற்கவில்லை. ஒரு காய் கூடக் குறையவில்லை. ஆனாலும் அவர் ரொக்கம் கட்ட வேண்டும்! கட்டாமல் 90 நாள் தொடர்ந்து அளவுக்கு மேல் நின்றால், கணக்கு வராக்கடன் பட்டியலில் ஏறிவிடும்.

அப்போது என்ன செய்வார்? கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளுவார். அவர் ஒருவரா தள்ளுவார்? அதே நிலையில் உள்ள அத்தனை பேரும் அதே வாரத்தில் தள்ளுவார்கள். விலை மேலும் விழும். விழுந்த விலையில் மறுபடி கணக்குப் பார்க்கும் பாங்கி மறுபடி கேட்கும். இந்தச் சுழல் கடைசியில் யார் தலையில் வந்து இறங்குகிறது? மறுநாள் புதுச் சரக்கை ஏலத்துக்குக் கொண்டுவரும் விவசாயி தலையில்!

இது கதையல்ல. 2018-ன் பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தபின், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காயின் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அது உச்ச விலைதான், சராசரி அல்ல; ஆயினும் மலையெங்கும் அதே பேச்சு. இரண்டே ஆண்டுகளில், 2021-ல், சராசரி விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கி நின்றது. உச்ச விலையை நம்பிக் குத்தகை எடுத்தவர்களும், உயர்ந்த மதிப்பில் கடன் எடுத்தவர்களும் பட்ட பாட்டை அந்த மலையிலும் இந்தப் பள்ளத்தாக்கிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே பாங்கிக் கடன் என்பது, வெயில் அடிக்கும்போது விரித்துக் கொடுத்து, மழை பெய்யும்போது திருப்பிக் கேட்கிற குடையாகவும் ஆகக் கூடும். அந்தக் குடையை மட்டும் நம்பி வீட்டுக்குக் கூரை போடாதவன் நனைவான்.

உலகம் கற்ற பாடம்

பெரிய கம்பெனிகள் இந்தப் பாடத்தை எப்படிக் கற்றன என்று பாருங்கள். அமெரிக்காவின் போர்டு மோட்டார் கம்பெனி, கடன் எளிதாகக் கிடைத்த 2006-ல், தொழிற்சாலைகளை மட்டுமல்ல, தன் வணிகச் சின்னத்தையே கூட அடகு வைத்து, 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வசதி திரட்டிக் கொண்டது. அன்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சாய்ந்தது. உலகெங்கும் கடன் ஊற்று அடைபட்டது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. போர்டு போகவில்லை. கார் விற்பதில் மூன்று கம்பெனிகளுக்கும் அடி விழத்தான் செய்தது. தேவை வருமுன்பே தேக்கி வைத்தவன் தப்பினான். 2020 மார்ச்சில் கொள்ளை நோய் பரவியபோது அதே கம்பெனி, பாங்கிகள் முன்பே ஒப்புக்கொண்டிருந்த வரம்புகளிலிருந்து 1,540 கோடி டாலரை ஒரே அறிவிப்பில் எடுத்துக் கொண்டது. பாங்கிகள் மனம் மாறுமுன் பணம் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை!

பாங்கியே சாய்ந்தால்? அதுவும் நடந்திருக்கிறது, கடல் கடந்து போக வேண்டாம், மலையைக் கடந்தால் போதும். 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கியை மூட ரிசர்வ் பாங்கி கேரள உயர் நீதிமன்றத்தை அணுகியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே வைப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962-ல் காப்பீடு தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 இலட்சம் வரை. பணம் போட்டவருக்குக் காப்பு வந்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாங்கியின் கடன் வரம்பை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு, பாங்கி மூடிய அன்றே வாய்க்கால் வறண்டுவிடுமே, அதற்குக் காப்பு ஏது? ஒரே பாங்கியை நம்பாதே, ஒரே வாடிக்கைக்காரரை நம்பாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனாலேதான்.

சொல்லாத மூன்றாவது ஊற்று

இதுவரை சொன்ன இரண்டும் வணிகப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்றாவது ஓர் ஊற்று உண்டு. அதைப் புத்தகம் நாகரிகமான பெயரால் அழைக்கும்: "கொடுக்க வேண்டியவை". நாம் உள்ளபடி சொல்கிறோம்: கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காமல் இருப்பது!

பாங்கியில் கடன் வாங்கினால் வட்டி உண்டு, ஈடு உண்டு, மாதாமாதம் பட்டியல் உண்டு. விவசாயியின் பணத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால்? வட்டி இல்லை, ஈடு இல்லை, பட்டியல் இல்லை. "நாளைக்கு வா" என்ற ஒரு சொல் போதும். பாங்கி மேலாளரிடம் கை கட்டி நிற்கும் அதே கம்பெனி, கரும்பு போட்டவனிடம் கால்மேல் கால் போட்டுப் பேசுகிறது. இருவரிடமும் வாங்கியிருப்பது கடன்தானே!

கரும்பைப் பாருங்கள். ஆலை அரைப்பது ஆண்டில் சில மாதங்கள். சர்க்கரை விற்பது ஆண்டு முழுவதும். 2018 முதல் மாதந்தோறும் எவ்வளவு விற்கலாம் என்று மத்திய அரசே அளவு வகுக்கிறது. ஆலைக்கு ரொக்க நெருக்கடி வருவது இயல்பு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் சர்க்கரையை ஈடாக வைத்துப் பாங்கி கடன் தருகிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொன்னது? கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் விலை கொடு. தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துக் கொடு. ஆனால் தமிழகத்துக் கரும்பு விவசாயி ஆண்டுக்கணக்கில் நிலுவைக்காகத் தெருவில் நின்றிருக்கிறானே, அந்த 15 சதவீத வட்டி எத்தனை பேர் கைக்கு வந்து சேர்ந்தது என்று கேட்கிறோம்.

அதைவிடக் கொடுமையும் உண்டு. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 இறுதியில் கரும்பு விவசாயிகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மாதக் கணக்கில் அமர்ந்தார்கள். அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு: கரும்புப் பணமும் வரவில்லை, அதோடு, தங்கள் பெயரிலேயே ஆலை பாங்கிகளில் கடன் எடுத்துவிட்டது, இப்போது கடன்காரர்கள் தாங்கள்! கம்பெனியின் ரொக்க நெருக்கடி எளியவன் வீட்டு வாசலில் எந்த வடிவத்திலே வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறு தொழில்காரனுக்குச் சட்டம் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கியின் பாங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இருந்தும் வசூல் இல்லை என்று கண்டு, வருமானவரிச் சட்டத்திலும் ஒரு பிடி வைத்தார்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்ட பட்டியல்களைப் பாங்கியில் உடனே ரொக்கமாக்கிக் கொள்ள மின்னணு மேடைகளும் இயங்குகின்றன. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் அவற்றில் சேர வேண்டும் என்று 2024-ல் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் கம்பத்துத் திராட்சை விவசாயி எந்தச் சட்டத்தில் வருகிறார்? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பெருமை வந்தது. பழத்தைக் கொடுத்தவருக்குப் பணம் எத்தனை நாளில் வர வேண்டும் என்ற கணக்கு வந்ததா? பயிர் செய்கிறவரைச் சிறு தொழில் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. ஆகவே 45 நாள் காப்பு அவருக்கு இல்லை. ஆணியும் திருகும் செய்து கொடுத்தவனுக்கு நாள் எண்ணும் சட்டம், அழுகும் பழத்தைக் கொடுத்தவனுக்கு எண்ணாமல் போகலாமா? ஆணி ஒரு மாதம் கிடந்தாலும் ஆணியே. திராட்சையைப் பேரம் பேசப் பிடித்து வைக்க முடியுமா?

செய்ய வேண்டியது என்ன?

வியாபாரியெல்லாம் வஞ்சகர் என்று சொல்ல நாம் வரவில்லை. போடி வியாபாரியும் தேனி ஆலைக்காரரும் தாமே பெரிய வாடிக்கைக்காரரின் தவணைக்குக் காத்திருப்பவர்கள். அவர்களை நெருக்குகிறது மேலிருந்து வரும் தாமதம். அவர்கள் அதைக் கீழே தள்ளுகிறார்கள். தள்ளித் தள்ளிக் கடைசியில் தள்ள ஆளில்லாதவனிடம் போய் நிற்கிறது. அவன்தான் பறித்த தொழிலாளி. அவன்தான் பயிரிட்ட விவசாயி. அந்த விவசாயி அந்த நாட்களைக் கடக்க எந்தப் பாங்கிக்குப் போவான்? தெருமுனை வட்டிக் கடைக்குப் போவான். கம்பெனி கட்டாமல் விட்ட வட்டியை அவன் அங்கே கட்டுகிறான்! ரொக்க நிர்வாகத்தின் முழுக் கணக்கு இதுதான்.

ஆகவே தொழில் நடத்துகிறவர்களுக்கு நம் யோசனை: நல்ல விலை வந்த ஆண்டில் இலாபத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள். பாங்கி வரம்பைத் தேவை வருமுன் கேளுங்கள். கிடைத்ததை அடிவரை வழிக்காதீர்கள். விலை கால் பங்கு விழுந்தாலும் நிற்க முடியுமா என்று ஒவ்வொரு மாதமும் கணக்குப் பாருங்கள். கொடுக்க வேண்டியவர் பட்டியலில் கூலிக்காரரையும் விவசாயியையும் முதல் வரியில் எழுதுங்கள்.

பாங்கிகளுக்கு: விலை விழுந்த வாரத்திலே ஒரேயடியாகக் கழுத்தைப் பிடிக்காமல், சரக்கு மெய்யாக இருக்கும் இடத்தில் படிப்படியாகக் குறைக்கும் முறையை வகுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை ஈடு வைத்து விவசாயி கடன் பெறும் வசதி உண்டு. கிடங்கு இரசீதை ஈடாக ஏற்க 2007-லேயே சட்டம் வந்திருக்கிறது. இவை பெரிய வியாபாரிக்கு எளிதாகவும் சிறிய விவசாயிக்கு அரிதாகவும் இருக்கும் நிலை மாற வேண்டும். பொறுத்திருக்கும் சக்தி வாங்குகிறவரிடம் மட்டும் இருந்தால், விலை என்றைக்கும் அவர் சொன்னதாகவே இருக்கும்.

ஆட்சியாளர்களுக்கு: கரும்புக்கு 14 நாள் என்ற கெடுவுக்கு உயிர் கொடுங்கள், 15 சதவீத வட்டியை ஏட்டிலிருந்து விவசாயி கைக்குக் கொண்டு வாருங்கள். பயிரிடுவோருக்கும் நாள் எண்ணும் சட்டம் வகுங்கள். ஒவ்வொரு பெரிய கம்பெனியும் விவசாயிக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தது என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்று விதியுங்கள். எவ்வளவு இலாபம் என்பதைப் பங்குதாரர்கள் படிக்கட்டும். யாரைக் காக்க வைத்து வந்த இலாபம் என்பதை நாடு படிக்கட்டும்.

பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாயும்போது, தலைமடைக்காரர் மடையை அடைத்துக்கொண்டால் கடைமடை காயும் என்பது இங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். அதனாலேதான் முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் உண்டாயிற்று. தண்ணீருக்கு முறை வகுத்த மக்கள் பணத்துக்கும் முறை வகுக்க முடியாதா? முடியும் என்றே நம்புகிறோம். சனிக்கிழமை மாலை வாசலில் நிற்கும் அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பாத நாள்தான், அந்தக் கணக்குப்பிள்ளை எழுதிய இலாபம் மெய்யான இலாபம் ஆகும் நாள்.